தேங்காய்க்கு ஒரு நாள், முறுக்குக்கு ஒரு நாள்

ஈப்போவில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு வருடத்தில் ஆறேழு முறை போகிறோம். கோலாலம்பூரில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் தாப்பா ஓய்விடத்தின் கழிப்பறையும், அதற்குப் பக்கத்தில் மைலோ விற்கும் கடையும்தான்.

போன மாதம் எங்கள் தாமானில் உள்ள மளிகைக் கடையில் ஒரு தேங்காய் நான்கு ரிங்கிட்டுக்கு வாங்கினேன். உடைத்தால் உள்ளே பருப்பு அட்டை மாதிரி மெலிந்து கிடந்தது. இன்னொன்று அழுகல். அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க தோட்டத்துல இதைத் தூக்கிக் கான்ல போட்டுடுவாங்க" என்றார். அம்மா பிறந்து வளர்ந்தது பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டத்தில். எழுபது வயதிலும் தேங்காய் விஷயத்தில் அவரிடம் யாரும் பேசி ஜெயிக்க முடியாது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அடுத்த முறை ஈப்போவுக்குப் பழைய சாலையிலேயே போவது. அரிசி, தேங்காய், பழம், தின்பண்டம் என்று ஒரு மாதத்துக்கு வேண்டியதை, முடிந்தவரை விளைவிக்கிறவர்கள், செய்கிறவர்கள் கையிலிருந்தே வாங்குவது. சனிக்கிழமை கடலோரமாக 5ஆம் எண் கூட்டரசு சாலையில் தெலுக் இந்தான் வரை. ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து பீடோர் போய், பழைய 1ஆம் எண் சாலையைப் பிடித்து ஈப்போ. காரில் நான், கணவர், அம்மா, பதினான்கு வயது மகள். பின்னால் ஒரு பெரிய ஐஸ் பெட்டி. அம்மா எங்கிருந்தோ தேடி எடுத்து மடித்து வைத்த ஐந்து கோணிச் சாக்குகள்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பி, கோலா சிலாங்கூரில் நிற்காமல் தஞ்சோங் காராங்கைத் தாண்டினோம். மின்மினிப் பூச்சியும் குரங்கும் இன்னொரு நாளைக்கு. கோலாலம்பூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் செகிஞ்சான். சீன மொழியில் அந்த ஊரின் பெயருக்குப் பயிர் செய்ய ஏற்ற ஊர் என்று பொருள். பெயர் பொய்யில்லை. பெர்ணம் ஆற்றுத் தண்ணீரும் தெங்கி ஆற்றுத் தண்ணீரும் வாய்க்கால் வழியாக வருகின்றன. வருடத்துக்கு இரண்டு போகம். நாட்டிலேயே ஹெக்டேருக்கு மிக அதிக விளைச்சல் தரும் நிலங்களில் இவையும் அடங்கும். நாங்கள் போனபோது வயல் இளம்பச்சையில் இருந்தது. கைப்பேசியில் படம் எடுக்கிறவர்கள் கூட்டம் வரப்பில் நின்றது. என் மகளும் அதில் ஒருத்தி.

அரிசி வாங்குவதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே சண்டை வந்தது. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ மூட்டைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் உச்ச விலை 26 ரிங்கிட். 2023இல் இறக்குமதி அரிசி விலை ஏறியபோது இந்த உள்ளூர் மூட்டைகள் பேரங்காடிகளில் இல்லாமல் போனது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் நம் வீடுகளில் பாதிப் பேர் சாப்பிடுவது தமிழ்நாட்டிலிருந்து வரும் பொன்னி; விருந்து என்றால் பாசுமதி. செகிஞ்சான் அரிசி சோறு சற்று ஒட்டும். "சாம்பாருக்குச் சரிவராது" என்றார் அம்மா. "நாசி லெமாக்குக்கும் கஞ்சிக்கும் சரிவருமே" என்றேன். கடைசியில் 5 கிலோ பை ஒன்று மட்டும் வாங்கினோம். வீட்டுக்கு வந்து பொங்கல் செய்து பார்த்தேன். புது அரிசியின் வாசனை அடுப்படி முழுக்க நின்றது. சாம்பார் விஷயத்தில் மட்டும் அம்மா சொன்னதே சரி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாலையோரத்தில் விற்பதெல்லாம் அந்த ஊரில் விளைந்தது என்று நம்பிவிடாதீர்கள். செகிஞ்சான் மாம்பழம் பெயர் பெற்றதுதான். ஆனால் ஒரு கடையில் மாம்பழப் பெட்டியின் மேல் தாய்லாந்து எழுத்து இருந்தது. கேட்டால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். எங்கே விளைந்தது என்று நேராகக் கேட்பதில் தவறே இல்லை. உண்மையில் பயிர் செய்கிறவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்; எந்த வாரம் பறித்தது என்பது வரை சொல்வார்.

சுங்கை பெசாரிலிருந்து சபாக் பெர்ணம் வரை ஜாவானியர் கம்பங்கள். ஒரு கூரைக் கடையில் மாக்சிக் ஒருவர் பெரிய குவாலியில் ரெம்பேயெக் பொரித்துக்கொண்டிருந்தார். அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, கச்சானும் நெத்திலியும் போட்டு, குவாலியின் சரிவில் கரண்டியால் ஊற்ற, அது மெல்லிய வட்டமாக எண்ணெய்க்குள் வழுக்கி இறங்குகிறது. மகள் அங்கேயே நான்கு தின்றாள். பக்கத்தில் வாழைக்காய் கெரெப்பெக். சீவிய துண்டுகள் நேராக எண்ணெய்க்குள் விழுகின்றன. மேசையில் வைத்தால் பால் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். இதே சாலையில் இன்னொரு கடையில் வாங்கிய மரவள்ளி கெரெப்பெக் பழைய எண்ணெய் வாடை அடித்தது. பொரிக்கிற குவாலி கண்ணில் படாத கடையில் வாங்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

மாக்சிக்கிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். சனி, ஞாயிறு பரவாயில்லை என்றார். பந்திங்கிலிருந்து தைப்பிங் வரை 233 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்ட மேற்குக் கரை நெடுஞ்சாலையின் சில பகுதிகள் ஏற்கெனவே திறந்துவிட்டன. முழுவதும் இணைந்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, கரண்டியைக் குவாலியிலிருந்து எடுக்காமலேயே சொன்னார்: லாரிகள் போய்விடும், நல்லதுதான், தூசி குறையும். கொஞ்சம் பொறுத்து, கார்களும் போய்விடும் என்றார்.

பெர்ணம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பேராக். ஊத்தான் மெலிந்தாங்கில் சாலை பிரிகிறது. தெலுக் இந்தானுக்கு ஒரு பக்கம், பாகான் டத்தோவுக்கு இன்னொரு பக்கம். அம்மா முன் இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

பாகான் டத்தோ பேராக்கின் 12ஆவது மாவட்டமாக ஆனது 2017இல்தான். ஆனால் தென்னைக்கு இந்தப் பகுதி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பேர்போனது. அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, தேங்காய் வெட்டுபவர். நீளமான மூங்கில் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, முற்றிய குலையை மட்டும் வெட்டி இறக்க வேண்டும். ஆண்கள் மட்டை உரிப்பார்கள். பெண்கள் உடைத்துப் பருப்பைத் தோண்டுவார்கள். தோண்டிய பருப்பைக் கொட்டகையில் வாட்டிக் கொப்பரையாக்குவார்கள். அம்மாவின் இடது கட்டை விரலில் இருக்கும் வெட்டுத் தழும்பு தோண்டும் கத்தியால் வந்தது. சின்ன வயதில் நான் அதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "கத்தி பட்டுச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அன்றைக்குக் காரில்தான் முழுக் கதையும் வந்தது: அப்போது அவருக்கு வயது பதின்மூன்று, பள்ளி விடுமுறை, தன் அம்மாவுக்கு உதவப் போயிருந்தார்.

அந்தத் தோட்டம் இருந்த இடத்தை அம்மாவால் அடையாளம் காட்ட முடியவில்லை. இரண்டு பக்கமும் செம்பனை. கொப்பரை விலை சரிந்த பிறகு பெரிய தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. கோயில் ஒன்று தெரிந்தது. "இதுவா?" என்று கேட்டார் கணவர். "இல்ல. எங்க கோயிலுக்கு முன்னாடி குளம் இருக்கும்." பத்து நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் சிறு தோட்டக்காரர்கள் இன்னும் தென்னையை விடவில்லை. சாலையோரத்தில் தகரக் கூரை, வாசலில் மலைபோல் தேங்காய், நடுவில் கூர்முனை மேலே தெரிய நட்ட இரும்புப் பாரை. நம்மவர்தான், அறுபதை ஒட்டிய வயது. காயை முனையில் குத்தி, மூன்று திருகு திருகினால் மட்டை தனியாக வந்துவிடுகிறது. நான் ஒன்றை முயன்று பார்த்தேன். ஐந்து நிமிடம் போராடியும் ஒரு பக்கம் மட்டும்தான் பிய்ந்தது.

அம்மா விலை கேட்கவில்லை. முதலில் ஒரு காயைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு கேட்டார்: "தம்பி, வெட்டுக்கு ஆள் இருக்கா?"

"அதாங்க்கா பிரச்சினை" என்றார் அவர். அதன் பிறகு முக்கால் மணி நேரம் இருவரும் பேசியதில் நாங்கள் மூன்று பேரும் வெறும் பார்வையாளர்கள்.

அவர் சொன்னதன் சாரம் இது. அவருடைய மரங்களில் பாதி, அவர் அப்பா வைத்த நெட்டை மரங்கள். மரம் உயர உயரக் கழியும் நீள வேண்டும், வெட்டுகிறவரின் தோளும் பலமாக இருக்க வேண்டும். காய்ப்போ குறைந்துகொண்டே போகும். மாவா, மத்தாக் மாதிரியான ஒட்டு ரகங்களை வைத்தால் மூன்று, நான்கு வருடத்தில் குட்டையாக நின்றே காய்க்கத் தொடங்கும். ஆனால் அந்த மூன்று, நான்கு வருடத்துக்கு வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? பழையதை ஒரே நேரத்தில் வெட்டிவிட முடியாது. வரிசைக்கு வரிசை இடையில் புதுக் கன்று வைத்துக் காத்திருக்கிறார். மகன் ஷா ஆலாமில் வேலை செய்கிறார், நல்ல சம்பளம், மாதம் ஒருமுறை வருவார். "அவனைக் குறை சொல்ல மாட்டேன்க்கா. நான்தானே படிக்கச் சொன்னேன்."

நகரத்துச் சந்தைகளில் நாம் வாங்கும் தேங்காயில் கணிசமான பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. மலேசியாவில் விளைவது மலேசியாவின் தேவைக்குப் போதாது. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தேங்காய்க்குத் தட்டுப்பாடு வந்து, சந்தான் விலை எகிறியபோது நானும் முணுமுணுத்தேன். ஒரு பூ காயாக முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்பது அன்றைக்கு அந்தத் தகரக் கூரையின் கீழ் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த வருடம் விலை ஏறியது என்று அடுத்த மாதமே கூடுதலாகக் காய்க்க மரத்தால் முடியாது.

அம்மா நாற்பது காய் எடுத்தார். இருபது உடனே பயன்படுத்த, மட்டை உரித்தது. கண்களின் மேல் மட்டும் குடுமி விட்டு உரிக்கச் சொன்னார். குடுமி இருந்தால் கண் வழியாகக் காற்றுப் போகாது, காய் சீக்கிரம் கெடாது. மீதி இருபது மட்டையோடு. அவை ஒரு மாதத்துக்கு மேலும் தாங்கும். ஆனால் வீட்டில் உரிப்பது யார் என்று கணவர் கேட்டதற்குப் பதில் இல்லை. குலுக்கும்போது தண்ணீர் சத்தம் கேட்கும் கனமான காய் பால் பிழிய. சத்தம் அதிகம் வராத சற்று இளங்காய் சட்னிக்கு. இதை அம்மா என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று நானும் கற்றுக்கொண்டேன். நாற்பத்திரண்டு வயதில்.

பணம் கொடுக்கும்போது எங்கள் மளிகைக் கடை விலையில் பாதிக்குச் சற்று மேல் வந்தது. கணவர் பழக்கதோஷத்தில் "குறைச்சுக் கொடுங்கண்ணே" என்றார். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் மேற்கொண்டு பேசாமல் காசை எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் தன் பங்குக்கு நான்கு இளநீரை வெட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தெலுக் இந்தானில் இரவுத் தங்கல். 1885இல் தண்ணீர்த் தொட்டிக்காகக் கட்டிய சாய்ந்த கோபுரம், வெளியிலிருந்து எண்ணினால் எட்டு அடுக்கு, உள்ளே மூன்றுதான். ஊரின் மீ ரெபுஸ் பற்றி ஏற்கெனவே எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பீடோர். இங்கே வந்ததும் அந்த ரெம்பேயெக் மாக்சிக் சொன்னது நினைவுக்கு வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கும் முன்பு, ஈப்போவுக்குப் போகும் பஸ்களும் கார்களும் பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங் என்று ஒவ்வொரு ஊரின் நடுவாகவும் போயின. பஸ் நிற்கும் பத்து நிமிடத்தில் ஜன்னல் வழியாகப் பழமும் பிஸ்கட்டும் விற்பார்கள் என்று அம்மா சொல்வார். நெடுஞ்சாலை வந்த பிறகு, வழியில் இருக்கும் ஊர் என்பதால் மட்டும் பிழைத்த கடைகளுக்கு வேலை இல்லாமல் போனது. காரைத் திருப்பிக்கொண்டு வந்து வாங்கும் அளவுக்குப் பெயர் எடுத்த பொருள் இருந்த ஊர்கள் தாக்குப்பிடித்தன.

பீடோருக்கு அது கொய்யா. பழ ஈ முட்டையிடாமல் இருக்க மரத்திலேயே ஒவ்வொரு பிஞ்சுக்கும் பை கட்டி விடுகிறார்கள். நூற்றுக்கணக்கான பைகள் தொங்கும் மரத்தைப் பார்த்து, "இதை எல்லாம் கையாலயா கட்டுறாங்க?" என்று கேட்டாள் மகள். கையால்தான். நறுக்கிய கொய்யாவின் மேல் அசாம் போய்த் தூள் தூவித் தருகிறார்கள். பக்கத்துக் கடையில் கட்டுக் கட்டாகப் பெத்தாய். காட்டிலிருந்து பூர்வகுடியினர் பறித்து வருவது. மூன்று கட்டு வாங்கினோம். மறுநாள் வரை காரில் அந்த வாசனை இருந்தது, யாரும் வருத்தப்படவில்லை.

கம்பாரில் சீனர் கடையில் கோழி பிஸ்கட் ஒரு பெட்டி. கோப்பேங் பக்கம் பழைய ஈயக் குட்டைகள் வெயிலில் மின்னிக்கொண்டு வந்தன. பிற்பகல் இரண்டு மணிக்கு ஈப்போ. சின்னம்மா சாப்பாட்டோடு காத்திருந்தார். ஆனால் நாங்கள் முதலில் போனது புந்தோங்.

கச்சாங் பூத்தே என்றால் நம் தலைமுறைக்குத் திரையரங்க வாசல்தான் ஞாபகம். மரத்தட்டைத் தலையில் சுமந்து வந்து, பழைய பள்ளிப் புத்தகத் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலையும் முறுக்கும் போட்டுத் தருவார்கள். அதை நாடு முழுக்க விற்ற குடும்பங்கள் பலவற்றின் வேர் புந்தோங்கில் இருக்கும் இந்தக் கச்சாங் பூத்தே கம்பம். முன்னோர்கள் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். பாரதி பிறந்த அதே எட்டயபுரம்.

நாங்கள் நுழைந்த கடையின் பின்கட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஊறவைத்து வடித்த கொண்டைக்கடலை ஒரு பக்கம். எண்ணெயில் விழும் ஓமப்பொடி ஒரு பக்கம். பக்கோடா, மிக்சர், கார முறுக்கு, மரவள்ளிச் சீவல். அக்கா ஒருவர் அச்சில் மாவைப் போட்டு, குவாலிக்கு மேலேயே கையைச் சுழற்றிப் பிழிந்தார். எண்ணெயின் அனல் இரண்டு அடி தள்ளி நின்ற என் முகத்தில் அடித்தது. அவர் காலை ஐந்தரை மணியிலிருந்து நிற்கிறார். சூடு பழகிவிட்டதா என்று கேட்டேன். "சூடு பழகாதும்மா. நாமதான் பழகிக்கணும்."

இயந்திரம் வைத்தால் என்ன என்று கணவர் கேட்டார். மாவு பிசைய இயந்திரம் வந்துவிட்டது, பையை ஒட்டவும் இயந்திரம்தான். ஆனால் பதம் பார்ப்பது இன்னும் கைதான். மழை நாளில் மாவுக்குத் தண்ணீர் குறைய வேண்டும், எண்ணெயில் நுரை அடங்கும் சத்தம் கேட்டு எடுக்க வேண்டும். அவருடைய இரண்டு பிள்ளைகளில் மகள் இணைய வழியில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறார். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பெட்டி போகிறது. குவாலிக்கு முன்னால் நிற்க மட்டும் அடுத்த ஆள் இல்லை. "ஆர்டர் எடுக்க ஆள் இருக்கு, முறுக்கு சுட ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

என் மகள் பிழிந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். அவர் அவளைக் குவாலியிடம் விடவில்லை. ஒரு வாழையிலைத் துண்டைக் கொடுத்து அதன் மேல் பிழியச் சொன்னார். முதல் முறுக்கு நெளிந்த புழு மாதிரி இருந்தது. நான்காவது ஏறக்குறைய வட்டமாக வந்தது. அதை அவரே எண்ணெயில் நழுவவிட்டுப் பொரித்து, தனிப் பொட்டலமாகக் கட்டி அவளிடம் கொடுத்தார். அந்தப் பொட்டலத்தில் கைவைக்க வேறு யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு ஓரிரு வார்த்தை. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கியூஆர் இருந்தாலும் கம்பத்துக்குள் இணையத் தொடர்பு கைவிட்டுவிடும். பொரிப்பது, உரிப்பது எல்லாம் பெரும்பாலும் காலை வேலை, அதனால் சீக்கிரம் போவது நல்லது. படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். வயதானவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். எங்களுக்கு அம்மா இல்லாவிட்டால் அந்த முக்கால் மணி நேரப் பேச்சு கிடைத்திருக்காது.

மொத்தச் செலவு குறைந்ததா என்று சின்னம்மா கேட்டார். பெட்ரோலும் விடுதி வாடகையும் சேர்த்தால் குறையவில்லை. தேங்காயில் மிச்சமானது தெலுக் இந்தானில் மீ ரெபுஸுக்கே சரியாகிவிட்டது.

திரும்பும்போது நெடுஞ்சாலையைத்தான் பிடித்தோம். திங்கட்கிழமை வேலை. தஞ்சோங் மாலிமைத் தாண்டும் முன்பே ஓமப்பொடி பை ஒன்று காலி.

உரித்த இருபது காய் மூன்று வாரத்தில் தீர்ந்தது. மட்டையோடு வந்தவை இன்னும் சமையலறைக்குப் பின்னால் கிடக்கின்றன; கணவர் பாரை தேடிக்கொண்டிருக்கிறார். அடுத்த வெட்டு எப்போது என்று தேங்காய்க்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். இரவு பத்து மணிக்குக் குரல் பதிவாகப் பதில் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுச் சத்தமாக வைத்தேன்.

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்கம்மா. வெட்டுக்கு ஆள் வந்துட்டா காய் இருக்கும். அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க."